கடைசி ரேக்குக்கு இரண்டு வழி: நெட்வொர்க் கருவிகளைச் சங்கிலியாகக் கோப்பது பற்றி

ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடும். தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் எடைமேடைக்கு முன்னால் வரிசையில் நிற்கும். எடை பதிவாகாமல் ஒரு வண்டியும் உள்ளே போகாது. காவேரிப்பட்டினம் பக்கத்தில் அப்படிப்பட்ட ஓர் ஆலையின் நெட்வொர்க்கை நான் ஓசூரில் இருந்தபடியே கவனித்து வந்தேன். ஒரு நாள் இரவு, புதிதாகப் பொருத்திய கேமராக்களுக்காக ஒரு விலானைச் (ஒரே கேபிள்களின் மேல் எண் கொடுத்துப் பிரித்து ஓட்டும் தனி நெட்வொர்க்) சேர்க்க வேண்டியிருந்தது. முதல் கொட்டகையின் சுவிட்சுக்குள் (கேபிள்களை இணைத்துத் தரவைப் பிரித்தனுப்பும் பெட்டி) நுழைந்து, பல விலான்களைச் சுமந்து அலுவலகத்தை நோக்கிப் போகும் டிரங்க் போர்ட்டில் அனுமதிக்கப்பட்ட விலான்களின் பட்டியலை மாற்றும் கட்டளையை அடித்தேன். அந்தக் கட்டளையில் 'ஆட்' என்ற சொல் இருந்தால் புதிய எண் பழைய பட்டியலோடு சேரும். அந்தச் சொல் விடுபட்டால் பழைய பட்டியல் முழுவதும் அழிந்து புதிய எண் மட்டும் நிற்கும். நான் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். நான் கருவிகளை இயக்கும் மேலாண்மை விலானும் எடைமேடைக் கணினியின் விலானும் அந்த நொடியிலேயே அறுந்தன. அந்தச் சுவிட்சும் அதற்கு அப்பால் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்த 5 சுவிட்சுகளும் என் திரையிலிருந்து மறைந்தன.

சில நிமிடங்களில் எடைமேடையில் இருந்த தம்பி அழைத்தார். "அண்ணா, திரையில ஒண்ணும் வரல, வண்டி எல்லாம் நிக்குதுங்க." மடிக்கணினியையும், கருவியில் நேரடியாகச் செருகிக் கட்டளை கொடுக்க உதவும் கன்சோல் கேபிளையும் எடுத்துக்கொண்டு சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாக நெடுஞ்சாலையில் கிளம்பினேன். போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. கேபிளைச் செருகி, விடுபட்ட எண்களைத் திரும்பச் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த இரண்டு நேரங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

ஒரு ரூட்டரையோ சுவிட்சையோ தொலைவிலிருந்து இயக்க வழக்கமாக நாம் பயன்படுத்தும் வழி, அதே கருவி சுமந்து செல்லும் நெட்வொர்க்தான். எடைமேடையின் தரவு ஓடும் கேபிளிலேயே நம்முடைய கட்டளையும் ஓடுகிறது. எல்லாம் சரியாக இருக்கும்வரை இதில் குறையில்லை. ஆனால் கருவியை அணுக வேண்டிய தேவை மிக அதிகமாக இருப்பது அது கெட்டுப்போன வேளையில். அந்த வேளையில்தான் இந்த வழி அடைபடுகிறது. ஆகவே தரவு ஓடும் பாதையைச் சார்ந்திராத தனிப் பாதை ஒன்று மேலாண்மைக்கு வேண்டும் என்பது இத்துறையின் பழைய பாடம். வெளிப்பாதை மேலாண்மை என்று அதைச் சொல்லலாம்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் உலகம் முழுவதும் ஆறு மணி நேரத்துக்கு மேல் முடங்கின. வழக்கமான பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்தது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் இருந்த பிழையால் அது தடுக்கப்படவில்லை. வெளிப்பாதை நெட்வொர்க்கும் அப்போது வேலை செய்யாததால், பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியிருந்தது என்று அந்த நிறுவனமே பின்னர் விளக்கியது. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்தின் சேவை நாடு முழுவதும் நின்றபோது, அதன் மேலாண்மை நெட்வொர்க் வாடிக்கையாளர் தரவு ஓடும் நெட்வொர்க்கின் மையத்தையே நம்பியிருந்ததால், ஊழியர்களால் கருவிகளை அணுக முடியவில்லை. அளவு வேறு என்றாலும், காவேரிப்பட்டினத்துக் கொட்டகையில் நடந்ததும் இதே வகைத் தவறுதான்.

பெரிய தரவு மையங்களில் இதற்கு டெர்மினல் சர்வர் என்ற கருவியை வைப்பார்கள். பதினாறோ நாற்பத்தெட்டோ சீரியல் போர்ட்டுகள் (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் வாய்கள்) கொண்ட அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு கருவியின் கன்சோலுக்கும் ஒரு கேபிள் போகும். அதன் விலை சிறு ஆலைக்கோ பள்ளிக்கோ கட்டுப்படியாகாது. மூன்று கருவிகள் மட்டுமே உள்ள ரேக்கில் (கருவிகளைப் பொருத்தும் சட்டம்) அது தேவையும் இல்லை. அங்கேதான் சங்கிலி முறை வருகிறது. நம் மாவட்டங்களில் ஏரிகள் கோக்கப்பட்டிருக்கும் விதம் இதை விளங்கிக்கொள்ள உதவும். மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். அது வழிந்தால் அதற்கடுத்ததற்கு. ஒவ்வோர் ஏரிக்கும் ஆற்றிலிருந்து தனிக் கால்வாய் வெட்டவேண்டியதில்லை. அதேபோல் ஒவ்வொரு கருவியும் தனக்கு அடுத்த கருவிக்கு வழிவிட்டால் போதும். இடையில் ஒரு வாய்க்கால் தூர்ந்தால் கீழேயுள்ள ஏரிகள் எல்லாம் வறண்டுபோவதும் இதில் அப்படியே பொருந்தும்.

சீரியல் சங்கிலியை முதலில் பார்க்கலாம். சிஸ்கோ நிறுவனத்தின் பல ரூட்டர்களில் கன்சோல், ஆக்ஸ் என்று இரண்டு சீரியல் போர்ட்டுகள் உண்டு. கன்சோல் என்பது உள்ளே நுழைவதற்கான வாசல். ஆக்ஸ் போர்ட் ஒரு காலத்தில் மோடம் இணைப்பதற்காக வைக்கப்பட்டது; அதை வெளியே போகும் வாசலாகவும் பயன்படுத்தலாம். முதல் ரூட்டரின் ஆக்ஸிலிருந்து இரண்டாம் ரூட்டரின் கன்சோலுக்கு ஒரு ரோல்ஓவர் கேபிளைப் போட வேண்டும். அதில் ஒரு முனையின் 1ஆம் கம்பி மறுமுனையின் 8ஆம் இடத்திலும், 2ஆம் கம்பி 7ஆம் இடத்திலும், இப்படியே தலைகீழாக அமையும். பிறகு முதல் ரூட்டரின் முகவரிக்கு, 2000 என்ற எண்ணோடு ஆக்ஸ் லைனுக்கு ரூட்டர் தந்துள்ள எண்ணைக் கூட்டி வரும் போர்ட் எண்ணில் (இது கேபிள் செருகும் வாய் அல்ல, இணைப்பைக் குறிக்கும் எண்) டெல்நெட் செய்தால், அதாவது தொலைவிலிருந்து கட்டளை அடிக்கும் பழைய முறையில் இணைந்தால், இரண்டாம் ரூட்டரின் கன்சோலில் போய் நிற்போம். ஆக்ஸ் 1ஆம் லைன் என்றால் போர்ட் எண் 2001. எல்லா மாடல்களிலும் லைன் எண் ஒன்றாக இருப்பதில்லை. லைன்களைக் காட்டும் கட்டளையில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. இந்த முறைக்கு ரிவர்ஸ் டெல்நெட் என்று பெயர்.

தருமபுரியில் ஒரு கல்லூரியின் ஒரே ரேக்கில் இருந்த மூன்று ரூட்டர்களை இப்படித்தான் கோத்தேன். முதலாவதின் ஆக்ஸ் இரண்டாவதின் கன்சோலுக்கு, இரண்டாவதின் ஆக்ஸ் மூன்றாவதின் கன்சோலுக்கு, மூன்றாவதின் ஆக்ஸ் திரும்ப முதலாவதின் கன்சோலுக்கு. செலவு மூன்று கேபிள்கள் மட்டுமே. கடைசிக் கேபிளைப் போடாமல் விட்டிருந்தால் முதல் ரூட்டரின் கன்சோலுக்கு யாரும் காவல் இல்லை. அதைப் போட்டவுடன் ஒவ்வொரு ரூட்டருக்கும் ஓர் அண்டைவீட்டுக்காரர் கிடைத்துவிட்டார். இரண்டாம் ரூட்டரின் கட்டமைப்பு குலைந்து அதன் நெட்வொர்க் முகவரி பதில் சொல்லாமல் போனால், முதல் ரூட்டருக்குள் நுழைந்து அதன் வழியே இரண்டாவதின் கன்சோலைத் திறக்கலாம். இதற்கு மூன்றிலும் வெளியிலிருந்து வரும் வழி ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு ரூட்டர்களுக்காவது வேறு வேறு இணைய இணைப்பு இருக்க வேண்டும். மூன்றும் ஒரே ஃபைபரை நம்பியிருந்தால், அந்த ஃபைபர் சாலை விரிவாக்கப் பணியில் வெட்டுப்படும் நாளில் இந்த வளையம் வெளியிலிருந்து எட்டாத வளையமாக நிற்கும்.

இதில் முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்று உண்டு. ஆக்ஸ் லைனில் யாராவது உள்நுழைய வருகிறார்களா என்று ரூட்டர் தன்னியல்பாகக் காத்திருக்கும். எதிர்முனையில் இருப்பதோ இன்னொரு ரூட்டரின் கன்சோல். அது அவ்வப்போது அறிவிப்புச் செய்திகளை அச்சிட்டுக்கொண்டே இருக்கும். அந்த எழுத்துகளை ஒரு மனிதர் தட்டச்சு செய்வதாக ஆக்ஸ் எடுத்துக்கொண்டு பயனர் பெயர் கேட்கும். அந்தக் கேள்வியை எதிர்முனை தனக்கு வந்த விடையாக எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். லைன் வேலையாக இருப்பதாகக் காட்டி, நமக்கு வேண்டிய நேரத்தில் இணைப்பை மறுத்துவிடும். ஆக்ஸ் லைனில் 'நோ எக்ஸெக்' என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை நிற்கும். வேகமும் இரு முனைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும்; கன்சோலின் இயல்பு வேகம் விநாடிக்கு 9600 பிட்.

அந்த வேகத்தின் பொருளையும் நினைவில் வைக்க வேண்டும். தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்த்து ஓர் எழுத்துக்கு 10 பிட் என்பதால் விநாடிக்கு 960 எழுத்துகள்தான் போகும். கட்டளை அடிக்க இது தாராளம். ஆனால் 100 மெகாபைட் அளவுள்ள மென்பொருள் கோப்பை இதே வழியில் ஏற்ற முயன்றால் ஏறக்குறைய 29 மணி நேரம் ஆகும். கன்சோல் சங்கிலி, முடங்கிய கருவியை எழுப்பி நெட்வொர்க்கைத் திரும்பக் கொண்டுவருவதற்கான வழி. கோப்புகளை ஏற்றுவது அதற்குப் பிறகு நெட்வொர்க் வழியாகவே நடக்கட்டும்.

அமர்வுக்குள் அமர்வாகப் போகும்போது எந்தக் கருவியில் நிற்கிறோம் என்பது எளிதில் மறந்துபோகும். கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து ஒரு முறை அழுத்திவிட்டு எக்ஸ் எழுத்தை அடித்தால் சங்கிலியின் முதல் கருவிக்குத் திரும்புவோம். அந்தக் கூட்டு விசையை இரண்டு முறை அழுத்திவிட்டு எக்ஸ் அடித்தால் இரண்டாவது கருவிக்கு. ஆகவே கட்டளை வரியின் முன்னால் தெரியும் கருவியின் பெயரை ரூட்டர் என்றே விட்டுவிடாமல், கட்டடமும் ரேக்கும் விளங்கும்படி மாற்றிவைப்பதை நான் கட்டாயமாகச் செய்வேன். வெளியேறும் முறையும் முக்கியம். கன்சோலிலிருந்து முறைப்படி வெளியேறாமல் இணைப்பை மட்டும் துண்டித்தால், அந்தக் கன்சோல் திறந்த நிலையிலேயே இருக்கும். அடுத்து அந்தப் போர்ட்டுக்கு வருபவர் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நிற்பார். பயன்படுத்தாத அமர்வை 10 நிமிடத்தில் மூடுவது சிஸ்கோவின் இயல்பு அமைப்பு. வசதிக்காக அதை எடுத்துவிடுபவர்கள் உண்டு, தயவுசெய்து எடுக்காதீர்கள்.

சீரியல் சங்கிலி ஒரே ரேக்குக்குள்ளோ அடுத்தடுத்த ரேக்குகளுக்கோ மட்டும் பொருந்தும். இந்தச் சீரியல் இணைப்பின் தரமான ஆர்எஸ்-232 முறையில் கேபிள் நீளத்துக்குப் பழைய கணக்கு 15 மீட்டர். 9600 வேகத்தில் அதைவிட நீளமான கேபிளும் வேலை செய்வதுண்டு என்றாலும், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செப்புக் கம்பியில் கொண்டுபோவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு கட்டடங்களின் எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்ற உறுதி இல்லை. அந்த வேறுபாடு கன்சோல் போர்ட்டின் வழியாகப் பாய்ந்தால் போர்ட் எரிந்துபோகும். கோடை மழையில் இடி இறங்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். கொட்டகைகளுக்கு இடையே ஃபைபர்தான் சரி.

ஃபைபர் என்றவுடன் சங்கிலி சீரியலிலிருந்து, கணினிகளை இணைக்கும் வழக்கமான ஈதர்நெட்டுக்கு மாறிவிடுகிறது. தனி மேலாண்மை போர்ட்டுகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோக்கும் வசதி சில கருவிகளில் தொழிற்சாலையிலேயே செய்து தரப்படுகிறது. ஹெச்பி நிறுவனத்தின் சி7000 பிளேடு சேஸிஸில் (பல சர்வர்களை ஒன்றாகச் செருகும் பெட்டி) மேல் இணைப்பு, கீழ் இணைப்பு என்று இரண்டு போர்ட்டுகள் இதற்காகவே இருக்கும். அப்படி இல்லாத இடத்தில் சிறு சுவிட்சுகளைக் கொண்டு நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒவ்வோர் இணைப்பும் 100 நாளில் 99 நாள் நன்றாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து நாம் நுழையும் வாசலிலிருந்து வரிசையாகக் கோத்த 10 கருவிகளில் கடைசிக் கருவியை எட்ட 10 இணைப்புகளும் ஒரே நேரத்தில் நன்றாக இருக்க வேண்டும். அப்படி இருக்கும் வாய்ப்பு 100க்கு 90 மட்டுமே. கடைசிக் கருவியிலிருந்து வாசலுக்கு இன்னோர் இணைப்பைப் போட்டு வளையமாக்கினால், மிகத் தொலைவில் இருக்கும் நடுக்கருவிக்கு ஒரு பக்கம் 5 இணைப்பு, மறுபக்கம் 6 இணைப்பு என இரண்டு வழிகள் கிடைக்கும். இரண்டும் ஒருசேர அறுந்தால்தான் அது எட்டாமல் போகும். எட்டும் வாய்ப்பு 100க்கு 99.7 ஆக உயர்கிறது. ஒரே ஒரு கூடுதல் ஃபைபர் செய்யும் வேலை இது. ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டு பக்கத்து ஃபைபரும் ஒரே பள்ளத்தில் புதைக்கப்பட்டிருந்தால் ஒரு ஜேசிபி இரண்டையும் ஒன்றாக அறுத்துவிடும், அப்போது இந்தக் கணக்கு செல்லாது.

வளையம் என்றால் ஈதர்நெட்டில் சுழற்சி உண்டாகும். ஒரு செய்தி சுற்றிச்சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே நிறைத்துவிடும். அதைத் தடுக்க வளையத்தின் ஓர் இடத்தை மூடிவைத்து, வேறு எங்காவது அறுந்தால் மட்டும் திறப்பது ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறையின் வேலை. ரேடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கிய இந்த முறை 1990இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் தரமாயிற்று. பழைய முறையில் மாற்றுப்பாதை திறக்க 30 முதல் 50 விநாடி வரை ஆகும். 2001இல் வந்த ரேபிட் முறையில் பெரும்பாலும் ஓரிரு விநாடிகளில் முடிந்துவிடும். இயல்பு நேர அளவுகளை வைத்துக்கொண்டு சங்கிலியில் 7 சுவிட்சுகளுக்கு மேல் போகாமல் இருக்கச் சொல்வது பழைய பரிந்துரை. நீண்ட சங்கிலி என்றால் நேர அளவுகளை மாற்ற வேண்டும், அல்லது இரண்டு சிறு வளையங்களாகப் பிரிக்க வேண்டும்.

ஆனால் வளையம் இருந்திருந்தால் அன்றைய இரவு நான் காவேரிப்பட்டினத்துக்கு ஓடியிருக்க வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. பலரும் தவறாக நம்பும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். விலான்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே ஸ்பேனிங் ட்ரீ ஓடும் சுவிட்சுகளில், அதன் கட்டுப்பாட்டுச் செய்திகள் விலான் குறி இல்லாமல் போகும். நான் பட்டியலிலிருந்து மேலாண்மை விலானை அழித்தபோதும் அந்தச் செய்திகள் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். கேபிள் நன்றாக இருக்கிறது என்றே சுவிட்சுகள் கருதும். மறுபக்கம் மூடிய வழியைத் திறக்காது. ஒவ்வொரு விலானுக்கும் தனித்தனி ஸ்பேனிங் ட்ரீ ஓடினால் மட்டும், அந்த விலானின் செய்தி வராததைக் கண்டு மறுபக்கம் திறக்கும். கேபிள் அறுவதிலிருந்து வளையம் நம்மைக் காப்பாற்றும். நம் கைப்பிழையிலிருந்து காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. அதற்குத் தரவு ஓடும் சுவிட்சுகளின் கட்டமைப்பைச் சற்றும் சார்ந்திராத சங்கிலி வேண்டும்.

அந்த ஆலையில் பிறகு அப்படித்தான் செய்தோம். கொட்டகைகளுக்கு இடையே போட்டிருந்த 6 இழை ஃபைபரில் 2 இழைகள்தான் பயன்பாட்டில் இருந்தன. மீதியிருந்த இழைகளில் இரண்டை எடுத்து, ஒவ்வொரு கொட்டகையிலும் யூஎஸ்பி போர்ட் உள்ள சிறிய மைக்ரோடிக் நிறுவன ரூட்டர் ஒன்றை வைத்து, ஃபைபரைச் செப்பு ஈதர்நெட்டோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் மூலம் வரிசையாகக் கோத்தோம். அந்த ரூட்டரின் யூஎஸ்பியில் சீரியல் மாற்றி ஒன்றைச் செருகி, அதிலிருந்து கேபிளைப் பக்கத்துச் சுவிட்சின் கன்சோலுக்குக் கொடுத்தோம். மைக்ரோடிக்கின் இயங்குதளத்தில் சீரியல் டெர்மினல் கட்டளை ஏற்கெனவே இருப்பதால் வேறு மென்பொருள் தேவைப்படவில்லை. கடைசிக் கொட்டகையிலிருந்து, பழத்தோட்டத்து வேலி ஓரமாக வேறு பாதையில், அலுவலகத்துக்கு ஒரு புதிய ஃபைபர் இழுத்து வளையத்தை மூடினோம். இப்போது சுவிட்சின் கட்டமைப்பு முழுவதும் அழிந்தாலும் ஓசூரிலிருந்து அதன் கன்சோலைத் திறக்க முடியும்.

வெளியிலிருந்து வரும் இரண்டாவது வாசலாக 4ஜி மோடம் ஒன்று இருக்கிறது. நம் ஊர் சிம்களில் பொதுவாகத் தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். எனவே நாம் வெளியிலிருந்து அதை அழைக்க முடியாது. மோடம் பக்கத்து ரூட்டர்தான் நம் சர்வருக்கு விபிஎன் என்ற மறைகுறியாக்கிய சுரங்கத்தை எந்நேரமும் திறந்துவைத்திருக்க வேண்டும். அஞ்செட்டி, தளி போன்ற மலைப்பகுதிகளில் வேலை எடுப்பவர்கள் சிம் வாங்குவதற்கு முன்பே ரேக் இருக்கும் அறைக்குள் நின்று சிக்னலைப் பார்த்துவிடுவது நல்லது. மின்சாரமும் அதேபோல் தனியாக யோசிக்க வேண்டியது. மேலாண்மைச் சங்கிலியின் சிறு பெட்டிகள் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுபவை என்பதால் அவற்றுக்கெனத் தனிச் சிறு யூபிஎஸ் வைத்தால், பெரிய யூபிஎஸ் கைவிட்ட பிறகும் அவை பேசிக்கொண்டிருக்கும்.

பின்வாசல் திறந்தால் அதற்குப் பூட்டும் வேண்டும். ரிவர்ஸ் டெல்நெட் போர்ட்டுகளை எந்த முகவரியிலிருந்து அணுகலாம் என்று கட்டுப்படுத்த வேண்டும். முடிந்த இடத்தில் டெல்நெட்டுக்குப் பதில், கட்டளைகளை மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் வைக்க வேண்டும். உள்நுழைவை மத்திய சர்வர் ஒன்று சரிபார்க்கும் இடங்களில், அந்தச் சர்வர் எட்டாத வேளைக்கென ஒவ்வொரு கருவியிலும் ஓர் உள்ளூர்ப் பயனர் கணக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் கன்சோல்வரை வந்துவிட்டுக் கடவுச்சொல் ஏற்கப்படாமல் நிற்க நேரும்.

சங்கிலி இருந்தாலும், ஆபத்தான மாற்றத்துக்கு முன் நேரம் குறித்த மீட்பைப் போட்டுவைக்கும் வழக்கத்தை நான் விடவில்லை. சிஸ்கோவில் 10 நிமிடத்தில் மறுதொடக்கம் ஆகும்படி கட்டளை கொடுத்துவிட்டு மாற்றத்தைச் செய்யலாம். இணைப்பு அறுந்தால் கருவி தானே எழுந்து, சேமித்துவைத்த பழைய கட்டமைப்புக்குத் திரும்பிவிடும். எல்லாம் சரியென்றால் அந்த மறுதொடக்கத்தை நீக்கிவிடலாம். ஜூனிப்பர் நிறுவனத்தின் கருவிகளில் உறுதிசெய்யும் கமிட்டும் மைக்ரோடிக்கில் சேஃப் மோடும் இதே வேலையைச் செய்கின்றன.

ஆண்டுதோறும் ஏப்ரலில், மாம்பழ வரத்து தொடங்குவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆலைக்குப் போய் வளையத்தைச் சோதிக்கிறோம். அலுவலக இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, 4ஜி வழியாக மட்டும் ஒவ்வொரு கன்சோலையும் திறந்து பார்ப்போம். பிறகு வளையத்தின் ஒரு ஃபைபரை உருவிவிட்டு மறுபடியும் பார்ப்போம். முதல் சோதனையிலேயே மூன்றாம் கொட்டகையின் கன்சோல் பதில் சொல்லவில்லை. போய்ப் பார்த்தபோது, ரேக்கைத் தூசி தட்டிய யாரோ கேபிளைக் கழற்றி, சுவிட்சின் சாதாரண ஈதர்நெட் போர்ட்டில் செருகியிருந்தார்கள். இரண்டின் வாயும் ஒரே அளவு என்பதால் அது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அன்றே எல்லாக் கன்சோல் கேபிள்களையும் ஆரஞ்சு நிறத்துக்கு மாற்றி, இரண்டு முனையிலும் 'கன்சோல், கழற்ற வேண்டாம்' என்று தமிழில் எழுதிய சீட்டை ஒட்டினோம்.